மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின்: யாழ்ப்பாணக் குடாநாட்டில் பழைய கார்களின் வரலாறு

ஒஸ்ரின் என்ற பெயர் 1987இல் கார்களிலிருந்து நீக்கப்பட்டது. மொறிஸ் என்ற பெயர் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே, 1984இல், மறைந்துவிட்டது. ஹேர்பேட் ஒஸ்ரின் 1905இல் பேர்மிங்காமை அடுத்த லோங்பிரிட்ஜில் தொடங்கிய நிறுவனமும், வில்லியம் மொறிஸ் 1913 முதல் ஒக்ஸ்போட்டிலிருந்து கார்களை வெளியிட்ட நிறுவனமும் 1952இல் பிரித்தானிய மோட்டார் கூட்டுத்தாபனமாக ஒன்றிணைந்து, 1968இல் பிரித்தானிய லேலண்டுக்குள் அடங்கி, 1975இல் அரசுடைமையாகி, இறுதியில் தம் பெயரையும் இழந்தன. அப்பெயர்களைத் தாங்கிய கார்கள் இங்கிலாந்தின் தெருக்களில் அருகிப்போன பின்னரும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் நாள்தோறும் வாடகைக்கு ஓடின. ஆஸ்பத்திரிக்கு நோயாளரையும், கோயிலுக்கு அடியாரையும், கலியாண வீட்டுக்கு மணமக்களையும் கொண்டுசென்றன. போரால் மூடப்பட்டிருந்த கண்டி வீதி 2002இல் திறந்தபோது வடக்கே வந்த பயணிகளும் பத்திரிகையாளரும் இக்கார்களின் வரிசையைக் கண்டு யாழ்ப்பாணத்தை ஒரு காட்சிசாலையாக வருணித்தனர். காட்சிசாலையில் பொருள்கள் பயன்பாட்டிலிருந்து ஓய்வுபெற்றே இடம்பெறும். இக்கார்களோ ஓய்வின்றி உழைத்துக்கொண்டிருந்தன. அவ்வுழைப்பு எவ்வாறு சாத்தியமாயிற்று என்பதற்கான விடை பழமைமீது கொண்ட பற்றிலும் இல்லை, வறுமையில் மட்டும் அடங்குவதும் இல்லை.

முதலில், குடாநாட்டை நிறைத்த கார்கள் அமெரிக்காவினுடையவையாக அன்றிப் பிரித்தானியாவினுடையவையாக இருந்ததற்கான காரணத்தை நாணயத்தில் தேடவேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் ஃபோட், செவ்ரோலே முதலிய அமெரிக்க வாகனங்கள் இலங்கைக்குத் தாராளமாக வந்தன. போர் முடிந்தபோது பிரித்தானியாவும் அதனைச் சார்ந்த நாடுகளும் கடும் டொலர்த் தட்டுப்பாட்டில் சிக்கின. ஸ்ரேர்லிங் வலயம், அதாவது பவுணை அடிப்படையாக வைத்துத் தம் வெளிநாட்டுச் செலாவணியைப் பொதுவில் பேணிய நாடுகளின் கூட்டு, டொலர் கொடுத்து வாங்கவேண்டிய பொருள்களைக் கட்டுப்படுத்தியது. 1948இல் சுதந்திரம் பெற்ற இலங்கையும் அவ்வலயத்திலேயே நீடித்தது. அதே வேளையில் பிரித்தானிய அரசு, ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைகளுக்கே உருக்கை முன்னுரிமையுடன் ஒதுக்கியமையால், லோங்பிரிட்ஜும் ஒக்ஸ்போட்டும் உள்நாட்டு வாடிக்கையாளரைக் காத்திருக்க வைத்துவிட்டுக் கடல்கடந்த சந்தைகளுக்குக் கார்களை அனுப்பின. 1950இல் தொடங்கிய கொரியப் போரால் றப்பர் விலை ஏறி இலங்கையின் கையில் செலாவணி மிகுந்திருந்த காலமும் இதனோடு பொருந்தியது.

அவ்வாறு வந்தவற்றுள் யாழ்ப்பாணத்தார் வாயில் அதிகம் புழங்கிய பெயர் ஏ40. 1947இல் வெளியான இக்காரின் பெயரிலுள்ள எண் அதன் இயந்திரத்தின் 40 குதிரைவலுவைக் குறித்தது. 1200 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய அந்த இயந்திரத்தில் வால்வுகள் சிலிண்டரின் தலைப்பகுதியில் அமைந்திருந்தன, இது அன்றைய சிறு கார்களுள் முன்னேறிய அமைப்பாகும். நான்கு கதவுள்ளது டெவன் என்றும், இரண்டு கதவுள்ளது டோர்செற் என்றும், 1952இல் உருண்ட உடலோடு வந்தது சோமசெற் என்றும் இங்கிலாந்தின் கோட்டப் பெயர்களால் அழைக்கப்பட்டன. இவை மூன்றிலும் உடற்பகுதி தனியான இரும்புச் சட்டத்தின்மீது பொருத்தப்பட்டிருந்தமை பிற்காலத்தில் பெரும் பயன் தந்தது. கடற்காற்றில் தகரம் துருப்பிடித்தாலும் சட்டம் நின்றது, தகரத்தை வெட்டி ஒட்டிக்கொள்ள முடிந்தது. 1954 முதல் வந்த கேம்பிரிட்ஜ் வகைகளில் சட்டமும் உடலும் ஒன்றாக்கப்பட்டமையால் அவற்றின் அடித்தளத்தில் துரு ஏறியபோது வேலை கடினமாயிற்று.

ஒஸ்ரினுக்கு அமெரிக்காவிலும் ஒரு கிளை வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்தின் கதையைப் புரிந்துகொள்ள அது துணைசெய்யும். ஒஸ்ரின் 7 என்ற சிறு காரை உரிமம் பெற்றுச் செய்வதற்காகப் பென்சில்வேனியா மாநிலத்தின் பட்லர் நகரில் தொடங்கப்பட்ட அமெரிக்கன் ஒஸ்ரின் நிறுவனம் 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் நொடித்து, பான்ரம் என்ற பெயரில் மீண்டெழுந்து, 1940இல் அமெரிக்க இராணுவத்துக்கான முதல் ஜீப் மாதிரியைச் செய்து கொடுத்தது. 1953 முதல் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையே நாஷ் என்ற அமெரிக்க நிறுவனத்துக்காக மெற்றோபொலிற்றன் என்னும் சிறு காரைச் செய்து அனுப்பியது. அதன் தொடக்க வகைகளில் இருந்தது ஏ40இன் இயந்திரமே. நாஷ் என்ற பெயர் 1957உடன் முடிந்தது. மெற்றோபொலிற்றனின் உற்பத்தியும் 1961இல் நின்றது. இன்று அமெரிக்காவில் அக்காரை வைத்திருப்போர் பெரும்பாலும் ஆர்வலர்கள். விடுமுறை நாளில் வெளியே எடுத்து, கண்காட்சியில் நிறுத்தி, மீண்டும் கொட்டகைக்குள் விடுவர். ஒரே தொழிற்சாலையில் பிறந்த, ஒரே இயந்திரத்தைக் கொண்ட இரு கார்களுள் ஒன்று அங்கே சேகரிப்புப் பொருளாகவும் மற்றது இங்கே பிழைப்புக்கான கருவியாகவும் ஆனதற்குக் காரணம் கார்களின் தர வேறுபாடு அன்று. அவை போய்ச் சேர்ந்த சமூகங்களின் நிலையிலேயே வேறுபாடு இருந்தது.

குடாநாட்டில் முதலில் கார் வாங்கியோர் மருத்துவர், சட்டத்தரணி, அரச உத்தியோகத்தர், மலாயாவில் வேலைபார்த்து ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பியோர், சுருட்டு முதலிய வணிகத்தில் பொருளீட்டியோர் ஆகியோராவர். அவர்களது கார்களின் வயதை இலக்கத்தகடே சொல்லிவிடும். 1950களின் நடுப்பகுதி வரை பதிவான கார்களில் ஈஎல், ஈவை, ஈஎன் போன்ற ஆங்கில எழுத்துகள் இருந்தன. அதன்பின் சிங்கள ஸ்ரீ எழுத்து கட்டாயமாக்கப்பட்டபோது, அது மொழியுரிமைப் போராட்டத்தின் களமாக மாறியது: 1957இல் தமிழரசுக் கட்சி ஸ்ரீ எதிர்ப்பு இயக்கத்தைத் தொடங்கித் தகடுகளில் தமிழ் எழுத்தைப் பொறித்தது, 1958இல் அரசுடைமையாக்கப்பட்ட போக்குவரத்துச் சபையின் பேருந்துகள் சிங்கள ஸ்ரீயுடன் வடக்கே அனுப்பப்பட்டபோது அவ்வியக்கம் மீண்டும் கிளர்ந்தது, தெற்கில் தமிழ்ப் பெயர்ப் பலகைகளுக்குத் தார் பூசப்பட்டது, அவ்வாண்டு ஏப்ரலில் பண்டாரநாயக்க – செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. பழைய ஆங்கில எழுத்துக் கார்கள் தம் பதிவெண்ணை ஆயுள் முழுவதும் வைத்திருந்தன. எனவே யாழ்ப்பாண வீதியில் ஓடிய ஓர் ஏ40இன் தகடு, அக்கார் அந்தக் கொந்தளிப்புக்கு முந்தியதா பிந்தியதா என்பதை எவருக்கும் உணர்த்தியது.

1960களின் தொடக்கத்தில் செலாவணி வற்றியபோது கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரையான ஆட்சியில் வாயில் ஏறத்தாழ முற்றாக மூடப்பட்டது. புதிய கார் வராத நாட்டில் பழைய கார் தேய்ந்து ஒழிவதில்லை, கைமாறுகிறது. மருத்துவரும் சட்டத்தரணியும் வாங்கியது அடுத்த கைக்குச் சென்றது. அதே காலத்தில் மிளகாயும் வெங்காயமும் இறக்குமதியாகாமல் தடுக்கப்பட்டமையால் வலிகாமத்துத் தோட்டக்காரர் கையில் பணம் புரண்டது, கார் வைத்திருத்தல் உத்தியோக வர்க்கத்தின் தனியுரிமையாக இருந்த நிலையும் தளர்ந்தது. 1977இன் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டு ஜப்பானியக் கார்கள் கொழும்பை நிரப்பின. குடாநாட்டுக்கும் அவை வந்தன. ஆயினும் ஆறு ஆண்டுகளில் போர் தொடங்கிவிட்டமையால், தெற்கில் நிகழ்ந்தது போன்ற முழுமையான மாற்றம் வடக்கில் நிகழவில்லை.

இக்காலத்துக் கார்க்காரரின் மதிப்பீடுகள் வாய்மொழியாகவே வழங்கிவந்தன; அவை நுட்பமானவை. ஏ40 டெவனின் முன்சக்கரங்கள் தனித்தனிச் சுருள்வில்லில் அமைந்தமையால் மேடுபள்ளத்தில் அது மெத்தென்று செல்லும் என்பதும், அதன் பிரேக் முன்சக்கரங்களில் எண்ணெய் அழுத்தத்தாலும் பின்சக்கரங்களில் கம்பிகளாலும் இயங்கியமையால் எண்ணெய் ஒழுகினாலும் பின்பிரேக் கைவிடாது என்பதும் அதன் சிறப்புகளாகக் கருதப்பட்டன. சோமசெற்றில் இடம் தாராளம், ஆனால் அதே இயந்திரம் கூடுதல் பாரத்தை இழுத்தது. மொறிஸ் மைனரின் புகழ் அதன் ஸ்ரேரிங்கில் இருந்தது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளியான இக்கார், பல்சட்டத்தை நேராக இயக்கும் ஸ்ரேரிங்கைக் கொண்டிருந்தமையால் விரல்நுனிக்குக் கட்டுப்பட்டது. 1960இன் முடிவில் பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்ட முதலாவது பிரித்தானியக் காரும் அதுவே. அதன் குறைகளையும் உரிமையாளர் நன்கறிந்திருந்தனர். முன்சக்கரத்தைத் தாங்கும் திருகு மூட்டுக்கு ஒழுங்காகக் கிறீஸ் இடாவிட்டால் அது தேய்ந்து கழன்று, சக்கரம் ஓடும் வழியிலேயே மடிந்துவிடும்; மின்னால் இயங்கும் பெற்றோல் பம்பின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டால், பொனற்றைத் திறந்து சாவியால் அதன்மேல் ஒரு தட்டுத் தட்டவேண்டும். ஒரு வண்டியின் குறையை அறிந்து அதனோடு வாழப் பழகுதலே இங்கு உரிமையாளர் என்ற தகுதியின் பெரும்பகுதியாக இருந்தது.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டதும் வடக்கின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் பெற்றோலும் பற்றரியும் உதிரிப்பாகங்களும் அடங்கின. மின்சாரம் நின்றது. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது; ஊரியான், கொம்படி வெளிகளூடாகவும் பின்னர் கிளாலிக் கடல்நீரேரியூடாகவும் உயிரைப் பணயம்வைத்தே மக்கள் வெளியே சென்றுவந்தனர். பெற்றோல் போத்தல் கணக்கில், சாதாரண மனிதர் எட்டமுடியாத விலைக்கு, கள்ளச்சந்தையில் விற்றது. மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு அனுமதிக்கப்பட்டு, கூட்டுறவுச் சங்கங்கள் வழியே பங்கிடப்பட்டது. அதுவும் ஜாம் போத்தல் விளக்குக்கும், தோட்டத்து இறைப்புக்கும், அடுப்புக்கும் போதாத நிலையில் இருந்தது. அந்த மண்ணெண்ணெயிலேயே ஒஸ்ரினும் மொறிஸும் ஓடின.

இதன் பொறிமுறையைச் சற்று விளக்கவேண்டும். பெற்றோல் குளிர்ந்த நிலையிலும் ஆவியாகிக் காற்றோடு கலக்கும்; மண்ணெண்ணெய் அவ்வாறன்று, சூடான உலோகத்தின்மீது பட்டாலே ஆவியாகும். எனவே இயந்திரத்தைச் சிறிதளவு பெற்றோலில் கிளப்பி, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். கார்பரேற்றருக்கு, அதாவது எரிபொருளைக் காற்றோடு கலக்கும் பாகத்துக்கு, அருகே ஒரு சிறு போத்தலையோ மருத்துவமனைச் சேலைன் குழாயையோ பொருத்திச் சில துளி பெற்றோலை இறக்கிக் கிளப்பும் முறை இவ்வாறு பிறந்தது. மேலும், ஒக்ரேன் எண், அதாவது எரிபொருள் அழுத்தத்தைத் தாங்கித் தானாக வெடிக்காதிருக்கும் தன்மையின் அளவு, மண்ணெண்ணெய்க்கு மிகக் குறைவு. உயர்ந்த அழுத்தத்தில் இயங்கும் பிற்கால இயந்திரங்களில் அது முன்கூட்டியே வெடித்துப் பிஸ்ரனைச் சிதைக்கும். போருக்குப் பிந்திய வறுமைக் காலத்துத் தரமற்ற பெற்றோலைக் கருதி வடிவமைக்கப்பட்ட ஏ40இன் அழுத்த விகிதம் ஏறத்தாழ 7க்கு 1. மைனரின் தொடக்க இயந்திரத்தில் அதனினும் குறைவு. தீப்பொறி பாயும் நேரத்தைச் சற்றுப் பின்தள்ளி வைத்தால் அவ்வியந்திரங்கள் மண்ணெண்ணெயைப் பொறுத்துக்கொண்டன. இவ்விரு கார்களிலும் காற்றை உள்ளிழுக்கும் குழாயும் புகைக் குழாயும் இயந்திரத்தின் ஒரே பக்கத்தில் ஒட்டியிருந்தமை இன்னொரு நல்வாய்ப்பு: புகையின் சூடு உள்வரும் மண்ணெண்ணெயை ஆவியாக்கியது. குடாநாடு மலையற்ற தட்டை நிலம் என்பதால் குறைந்துபோன வலுவும் பயணத்துக்குப் போதுமாயிற்று. இதே முறை கண்டியிலோ பதுளையிலோ பயன்பட்டிருக்க முடியாது.

மண்ணெண்ணெய்க் காரைப் போர்க்காலத்தில் திடீரெனத் தோன்றிய அற்புதமாகச் சித்திரிப்பது வழக்கமாகிவிட்டது. இக்கட்டுரை அக்கருத்தை ஏற்கவில்லை. துலாவும் பட்டையும் கொண்டு கிணற்றுநீர் இறைத்த யாழ்ப்பாணத் தோட்டங்களில் 1950கள் முதல் நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவின. அவற்றுள் பெருந்தொகையானவை பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடுபவை. சிறு தாங்கியில் பெற்றோலும் பெரிய தாங்கியில் மண்ணெண்ணெயும் விட்டு, இயந்திரம் சூடேறியதும் குழாயைத் திருப்பிவிடுவது புகையிலையும் வெங்காயமும் வைத்த எந்தத் தோட்டக்காரருக்கும் காலைக் கடன் போன்றது. எப்போது மாற்றவேண்டும், நிறுத்துவதற்கு முன் ஏன் மீண்டும் பெற்றோலுக்குத் திருப்பவேண்டும், புகை வெளுத்தால் என்ன பொருள், சத்தம் தட்டினால் என்ன செய்யவேண்டும் என்பன எல்லாம் நாற்பது ஆண்டுகளாகக் கிணற்றடியில் பழகிய அறிவு. தடை வந்தபோது அவ்வறிவு தோட்டத்திலிருந்து கராஜுக்கு வந்தது. பிரித்தானிய உழவு இயந்திரங்களிலும் இதே தத்துவம் முன்பிருந்தே கையாளப்பட்டது உண்மையே. எனினும் அதை ஒரு சமூகம் முழுவதும் கைப்பழக்கமாகப் பெற்றிருந்ததே யாழ்ப்பாணத்தின் சிறப்பு.

பற்றரித் தடையையும் அக்கார்களின் பழமையே வென்றது. முன்பம்பரின் துளைவழியே நுழைத்துக் கையால் சுழற்றும் கிராங்க் கம்பி அவற்றில் இருந்தது. மோட்டாரைச் சுழற்ற வலுவில்லாத கிழட்டுப் பற்றரியும் தீப்பொறி தரப் போதுமானது என்பதால், கம்பியால் சுழற்றியே கிளப்பினர். உதிரிப்பாகங்களைப் பட்டறைகள் ஈடுசெய்தன: லேத்தில் கடைந்த புஷ், ஒரு வாகனத்திலிருந்து கழற்றி மற்றொன்றுக்கு இசைவித்த வால்வு, வெட்டி ஒட்டிய தகரம் என்று ஒவ்வொரு காரும் பல கார்களின் பாகங்களால் ஆன உடலாயிற்று. கேம்பிரிட்ஜ் வைத்திருந்தோருக்கு ஒரு கூடுதல் வசதி இருந்தது. அதன் 1489 கன சென்ரிமீற்றர் இயந்திரம், மொறிஸ் ஒக்ஸ்போட்டின் வடிவில் மேற்கு வங்கத்து உத்தரபாராவில் 2014 வரை உற்பத்தியான அம்பாசடரின் இயந்திர வகையே ஆதலால், அதற்குரிய பாகங்கள் இந்தியாவில் தொடர்ந்து செய்யப்பட்டன. இலங்கையின் தென்பகுதியிலும் 1990களில் மைனரின் பாகங்களைச் செய்து பிரித்தானிய ஆர்வலர்களுக்கு அனுப்பும் முயற்சி ஒன்று நடந்தது. தாய்த் தொழிற்சாலை கைவிட்ட பின்னும் இக்கார்களுக்கு வேண்டியவற்றைத் தெற்காசியாவின் சிறு பட்டறைகள் தொடர்ந்து செய்தன.

இதற்குக் கொடுத்த விலை சிறிதன்று. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி வழிந்து இயந்திர எண்ணெயை நீர்த்துப்போகச் செய்தது. பெயாரிங்குகள் தேய்ந்தன, வால்வுகளில் கரி படிந்தது, புகையும் நாற்றமும் பயணியரின் உடையில் ஏறின. வழமையில் பல ஆண்டுகள் உழைக்கவேண்டிய இயந்திரம் அடிக்கடி அவிழ்க்கப்பட்டது. உரிமையாளர் இவை அனைத்தையும் அறிந்தே ஓட்டினர். பிரசவ வலியெடுத்த பெண்ணையும் ஷெல் அடிபட்டவரையும் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேறு வாகனம் இல்லாத இரவுகளில், இயந்திரத்தின் ஆயுள் குறித்த கணக்குக்கு இடமிருக்கவில்லை.

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, கைவிடப்பட்ட வீடுகளின் முற்றங்களில் கார்களும் கைவிடப்பட்டன. 1996க்குப் பின் எரிபொருள் மட்டுப்பட்ட அளவில் வந்தது. 2002 ஏப்ரலில் கண்டி வீதி திறந்து, 2006 ஓகஸ்ற்றில் மீண்டும் மூடப்பட்டு, போர் முடிந்தபின் நிலையாகத் திறந்தது. அதன்பின் முச்சக்கர வண்டிகளும் இந்திய, ஜப்பானியக் கார்களும் சில ஆண்டுகளில் ஏ40களின் இடத்தைப் பிடித்தன. வாடகைத் தரிப்பிடங்களில் எஞ்சிய ஒஸ்ரின்களையும் மைனர்களையும் தெற்கிலிருந்து வந்த சேகரிப்பாளர் தேடி வாங்கினர். தடைக்காலத்தில் பொருத்திய போத்தல்களும் குழாய்களும் அகற்றப்பட்டு, தொழிற்சாலை நிறத்தில் வண்ணம் பூசப்பட்டு, பளபளப்பான பொருள்களாக அவை காட்சிக்கு வந்தன. இந்த மறுசீரமைப்பில் 1947ஆம் ஆண்டு மீட்கப்படுகிறது, 1990 முதல் 1995 வரையான வரலாறு அழிக்கப்படுகிறது. யாழ்ப்பாணத்துக்குரியது எதுவோ அதுவே குப்பையில் வீசப்படுகிறது என்பது வருத்தத்திற்குரியது.

மண்ணெண்ணெய்க்கு ஏற்றவாறு கார்பரேற்றரைத் திருத்திய மேஸ்திரிமாரும், அக்கார்களை ஓட்டிய சாரதிகளும் இன்று முதுமையில் இருக்கின்றனர்; அவர்களின் அறிவு கையிலும் காதிலும் இருந்ததேயன்றி ஏட்டில் ஏறவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், வரலாற்றுத் துறைகளும், ஈழத்து ஆவணங்களைத் திரட்டிவரும் நூலக நிறுவனமும் இம்முதியோரின் வாய்மொழியைக் காலம் தாழ்த்தாது பதிவுசெய்ய வேண்டும். தடைக்கால மாற்றங்களுடன் கூடிய ஓர் ஏ40ஐயாவது, நிறம் பூசாமல், போத்தலையும் குழாயையும் கழற்றாமல், உள்ளபடியே குடாநாட்டில் பேணிவைக்க வேண்டும்.